மூன்று முடிச்சில் இரண்டு உன்னுடையது

டொராண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியே மைனஸ் 18. போன வாரம் வீட்டுக்குள்ளும் அதே குளிர்தான். கல்யாண நாளை மறந்துவிட்டேன்.

தப்பு என்மேல் மட்டும் இல்லை. 1994 தையில் எங்களுக்குக் காலை 6 மணிக்கு முகூர்த்தம். இந்த ஊர்க் கணக்கில் அது முந்தின நாள் ராத்திரி ஏழரை. (ஏழரை என்றதும் சிரிக்காதே.) எந்தத் தேதியைக் கொண்டாடுவது என்று வருஷாவருஷம் யோசித்து, இரண்டையும் கோட்டை விடுகிறேன்.

பிராயச்சித்தமாகக் கல்யாண வீடியோ கேசட்டை வெளியே எடுத்தேன். சேலை மடிப்புக்குள் பொத்திக் கொண்டுவந்தோமே, அதேதான். அன்றைக்கு இங்கே போட்டால் வெறும் கோடாக ஓடியது. நம்ம ஊர் கேசட் பால் (PAL) முறை, இந்த ஊர் டெக் என்.டி.எஸ்.சி. பொருத்தம் பார்க்காமல் சேர்த்தால் அப்படித்தான். முப்பது வருஷத்துக்கு மேல் பீரோவில் கிடந்ததை மகன்தான் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றி வந்தான்.

மூன்று மணி நேரப் படம். பாதி பந்தி. பெரியப்பா எத்தனை அப்பளம் நொறுக்கினார் என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. என் முகம் தாமரைப் பூவுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கெட்டிமேளம் கொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். திரை முழுக்க அத்தானின் பட்டுச்சட்டை முதுகு! அவர் நகர்ந்தபோது தாலி ஏறியாயிற்று. பின்னால் நீ குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

"அப்பா கட்டினதுக்குப் புரூஃபே இல்லையே" என்கிறான் பையன்.

உன் தம்பி பெண்டாட்டி அசரவில்லை. "ஒரு முடிச்சுதான் அவர் போட்டது. மத்த ரெண்டும் மதினி போட்டது. அதான் இன்னும் அவிழாம நிக்குது" என்றாள். கோபம் போன மாதிரிதான் தெரிந்தது.

பந்தியைப் பார்த்ததில் மறுவீட்டுச் சொதி ஞாபகம் வந்துவிட்டது. டின் தேங்காய்ப்பால் வாங்கப் போன இடத்தில் யாழ்ப்பாணத்துக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன், எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி விருந்து என்று. "சொதி எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும்தானே அண்ணை, அதுக்கு ஏன் கலியாணம்?" என்றார். பதில் யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

உன் ஆல்பத்தில் அந்த முதல் முடிச்சுப் படம் இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பு. அத்தான் முதுகு இல்லாததாகப் பார்த்து.

உன் தம்பி