நாற்றங்கால்

எங்கள் ஆன்லைன் கார் பந்தய லீக்கில் மொத்தம் பதினான்கு பேர். அதில் முதல் வளைவைத் தாண்டுகிறவர்கள் எட்டுப் பேர்.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்குப் பந்தயம். மதுரையில் ஒரு மெடிக்கல் ரெப், திருப்பூரில் ஒரு பல் டாக்டர், ஓசூரில் நைட் ஷிஃப்ட் இல்லாத வாரம் மட்டும் வருகிற ஒரு ஃபிட்டர் என்று ஆளுக்கோர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருமாக இத்தாலியில் மொன்சாவில் இருப்போம். விளையாட்டின் பெயர் ‘அசெட்டோ கோர்சா’. 2014-இல் வந்தது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். மொன்சாவில் நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில், பறந்து வருகிற கார் சடாரென்று வேகம் குறைத்து, வலது, உடனே இடது என்று ஓர் ஒடுக்கமான நெளிவுக்குள் புக வேண்டும். பதினான்கு பேரும் அதற்குள் முதல் பந்திக்கு இடம் பிடிப்பதுபோலப் புகுவோம்.

கமிட்டி கூடியது. எக்செல் தெரிந்த ஒரே காரணத்துக்காக நான்தான் செயலாளர். “இளம் திறமைகளை வளர்த்தெடுக்க ஒரு ஃபீடர் தொடர் தொடங்கலாம்” என்றேன். வளர்ப்பதாவது, எடுப்பதாவது! முட்டுகிற ஆறு பேரை வேறெங்காவது தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கிற பெற்றோர் எல்லோரும் கல்விக்காகவா சேர்க்கிறார்கள்?

நிஜ உலகத்தில் இந்த ஃபீடர் பெரிய ஏற்பாடு. கார்ட்டிங்கில் தொடங்கி ஃபார்முலா 4, 3, 2 என்று படியேறினால்தான் ஃபார்முலா 1. 2015-இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் பதினேழு வயதிலேயே உள்ளே வந்துவிட்டார். அதன்பிறகு, பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், கீழ்த் தொடர்களில் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும், அப்போதுதான் சூப்பர் லைசென்ஸ் என்று சட்டம் போட்டார்கள். ஃபார்முலா 2-இல் பட்டம் வென்றவர் அடுத்த வருடம் அதே தொடரில் ஓட்டவும் முடியாது. மேலே போ, இல்லையென்றால் வெளியே போ. இதையெல்லாம் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, பதினோரு பக்கத்துக்கு விதிமுறை எழுதினேன். கார் ஓட்டும்போது ஒருநாளும் கிடைக்காத சுகம் ‘பிரிவு 7, உட்பிரிவு ஆ’ என்று டைப் அடிக்கும்போது கிடைத்தது.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். “என்னடா ராத்திரியெல்லாம் தட்டிக்கிட்டிருக்க?” என்றார்.

“ஃபீடர் ஆரம்பிக்கிறோம்ப்பா.”

“எத்தனை கே.வி.?”

அவரிடம் விளக்கிய பிறகுதான் நல்ல பெயரும் கிடைத்தது. “நாத்து விட்டுப் பிடுங்கி நடுறதுதானே, அதுக்கு எதுக்கு இங்கிலீஷு?” ஆகவே, நாற்றங்கால்.

நாற்றங்காலில் ஓட்டக் குட்டி அபார்த் 500 கார். சின்னக் காரா என்று யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது என்பதற்காக முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்தேன்: ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரான நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனே, தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். அதில் இருந்தது மாருதி 800-இன் எஞ்சின். வாத்தியார்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட அதே எஞ்சின்.

முட்டுகிற ஆறு பேரில் ஒருவர்கூடக் கீழே இறங்கச் சம்மதிக்கவில்லை. “நான் 92-லேருந்து கார் ஓட்டறேன் சார், என்னைப் போய் நாத்தங்கால்லயா?” என்றார் பல் டாக்டர். கடைசியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். ஒரு பாலிடெக்னிக் மாணவன், திண்டுக்கல்லில் பத்தாவது படிக்கிற ஒரு பையன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். தலைமை ஆசிரியர் பின்னால் யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவார், தான் முதலிடத்தில் இருந்தாலும். பந்தயம் முடிந்தால் மூன்று பேரும் மேடையில். சிரிக்காதீர்கள். 2005-இல் இண்டியானாபொலிஸில் டயர் தகராறில் பதினான்கு கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடியவை ஆறு. அதில்தான் நரேன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா 1-இல் அவர் வாங்கிய ஐந்து புள்ளியும் அன்றைக்கு வாங்கியதுதான். புள்ளி புள்ளிதான்.

சீசன் முடிவில் திண்டுக்கல் பையன் சாம்பியன். ஒரு முறைகூட யார் மேலும் இடித்ததில்லை. மேல் லீக்கைப் பார்த்துப் பழகட்டும் என்று அந்த ஞாயிறு அவனைப் பார்வையாளனாக அழைத்திருந்தேன்.

இங்கே என் பந்தய அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டியரிங்கை மேஜையில் முடுக்கிவிடலாம். பெடல் மட்டும் டைல்ஸ் தரையில் நிற்காது. பிரேக்கை மிதித்தால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அதற்குப் பின்னால் அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பேன். இத்தாலியில் என் கார் நின்றதெல்லாம் எங்கள் பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த கல்லின் பலத்தில்தான். அன்றைக்குப் பார்த்து மிக்ஸியில் காயில் போயிருந்தது. நான் ஹெட்ஃபோனும் கையுமாகச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது, “துவையல் அரைக்கத்தான்டா, அஞ்சே நிமிஷம்” என்று அம்மா சொன்னாளாம். அப்பா மேஜைக்கடியில் குனிந்து அம்மியை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது.

விளக்கு அணைந்தது. நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் மேஜைக்கடியில் போய்ச் சுவரில் முட்டியது. மொன்சாவில் நான் பல் டாக்டரை முட்டினேன், பல் டாக்டர் ரெப்பை, ரெப் ஃபிட்டரை. அன்றைக்கு வெளியே வந்தவர்கள் நான்கு பேர்.

மறுநாள் பையனுக்குப் பதவி உயர்வுக் கடிதம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அண்ணே, மேல வந்தா உங்க பக்கத்துலதான் ஓட்டணுமா?”

“ஆமாப்பா.”

“நான் இங்கயே இருந்துக்கறேண்ணே.”

“முடியாதுப்பா. சாம்பியன் இங்க இருக்கக் கூடாது. பிரிவு 7, உட்பிரிவு ஆ.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அப்ப டி.சி. குடுத்துருவீங்களாண்ணே? வேற லீக்ல சேரணும்.”

விதிமுறையில் டி.சி.க்குப் படிவம் கிடையாது. புதிதாக ஒன்று தயாரித்தேன். நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று போட்டு, செயலாளர் என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.