மலையில்லாத ஊரில் மலையேற்றம்

எங்கள் கூட்டத்தில் சென்னைக்காரன் ஒருவன் உண்டு. பிறந்து வளர்ந்ததெல்லாம் பாலவனத்தம்தான்; பிழைப்பு மட்டும் சென்னையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில். மனிதன் இயற்கையை விட்டு விலகிவிட்டான் என்ற உண்மை, ஒன்பதாவது மாடிக்குப் போன பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது. மார்கழி விடுமுறைக்கு ஊர் வந்து சேருமுன்பே வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்துவிட்டது: சனிக்கிழமை ட்ரெக்கிங்.

அதற்கு மலை வேண்டுமே! பாலவனத்தத்தில் நாங்கள் ஏறி இறங்கிப் பழகிய ஒரே உயரம் கண்மாய்க்கரை. சதுரகிரி என்றான் ஒருவன். போன தடவை ஏறிய முழங்கால் இன்னும் இறங்கவில்லை என்றான் வங்கிக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டுப் பக்கம் போகலாமென்றால், அது 2021-லிருந்து புலிகள் காப்பகம். புலி என்றதும் ஜவுளிக்கடைக்காரனுக்குச் சனிக்கிழமை வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. அரசு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவும் வைத்திருக்கிறது. அந்த நாற்பதில் பாலவனத்தம் இல்லை. அதனாலேயே கட்டணமும் இல்லை என்பதை வங்கிக்காரன் சுட்டிக்காட்ட, ஏகமனதாக எங்கள் ஊரே தேர்வானது.

திருச்சுழி வரை நடப்பதாகத்தான் முதல் திட்டம். ரமண மகரிஷி பிறந்த ஊருக்குப் பாதயாத்திரை என்றால் படம் போடும்போது எடுப்பாக இருக்கும் என்பது சென்னைக்காரனின் கணக்கு. "மாப்ள, 1896-ல திருவண்ணாமலைக்குக் கிளம்புனப்ப ரமணரே ரயில்லதான்டா போனாரு. காசு தீர்ந்த எடத்துலதான் எறங்கி நடந்தாரு. நம்மகிட்டத்தான் காசு இருக்கே" என்றான் வங்கிக்காரன். யாத்திரை சுருங்கியது. கண்மாய்க்கரை, ஓடை, மாமாவின் மக்காச்சோளக் காடு, திரும்பி வந்து இட்லி. மாமா என்றால் ஜவுளிக்கடைக்காரனுக்குத் தாய்மாமன்; ஊர் வழக்கப்படி எங்கள் எல்லாருக்குமே மாமா.

முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. நனைந்த கரிசலில் நடந்து பார்க்காதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது! முதல் அடியில் மண் ஒட்டும். இரண்டாவது அடியில், ஒட்டிய மண்ணோடு இன்னும் கொஞ்சம் மண் ஒட்டும். இருபது அடி போவதற்குள் ஆள் நாலு விரல்கடை உயர்ந்துவிடுவான். மலை இல்லாத குறையை மண்ணே தீர்த்துவைத்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். சென்னைக்காரன் போட்டிருந்ததோ பனிமலைக்கென்றே செய்த ஷூ. அதைக் கழற்றினால் வாங்கிய விலைக்கு அவமானம் என்று கடைசிவரை கழற்றவில்லை.

வழியில் ஊர்ப்பெருமையும் பேசினோம். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தத்து ஜமீன்தார். பிழை மலிந்த திருக்குறள் பதிப்பு ஒன்றின் பிரதிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கித் தீயிலிட்டார் என்று சொல்வார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு 'பாலவனத்தம் வாரியர்ஸ்' என்று பேர் வைத்திருக்கிறோம். தேவர் இருந்திருந்தால் எத்தனை போன்களை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்திருக்குமோ!

ஓடையைத் தாண்டினால் இருபுறமும் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, எங்கள் கண்மாயில் பட்டா இல்லாமலே குடியேறிய மரம். வெட்டி அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது; மரம் மேல்முறையீடு செய்யாமலே நிற்கிறது. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அது சோறு. காட்டுப்பன்றிகளுக்கு வீடு. பகலெல்லாம் முள்ளுக்குள் தூங்கிவிட்டு, இருட்டியதும் வெள்ளாமைக்குள் இறங்கும்.

மாமாவின் காட்டைச் சுற்றி வேலியாகப் பழைய சேலைகள். பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள். ஆள் நடமாட்டம் என்று நினைத்துப் பன்றி பயப்படுமாம். ஜவுளிக்கடைக்காரன் ஒரு சேலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடை ஆடித் தள்ளுபடியில போனதுல்ல! சாயம் போகவே இல்ல பாரு" என்று பூரித்தான்.

அப்போது உள்ளேயிருந்து மாமாவின் குரல் இடிபோல வந்தது. "ஏய்! போ அங்கிட்டு!"

"நாங்கதான் மாமா!" என்றோம் கோரஸாக.

"ஏய்! போ அங்கிட்டு! வந்தேன்னா கால ஒடிச்சிருவேன்!"

வங்கிக்காரன் முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் பயிர்க்கடனுக்குக் கூட நின்று உதவியவன் அவன். "என்னடா, மட்டுமரியாதை இல்லாம…" என்று அவன் ஆரம்பிக்கையில் நாய் குரைத்தது. பிறகு வெடிச் சத்தம். மறுபடி அதே "போ அங்கிட்டு", எழுத்துப் பிசகாமல். வரப்புக் கம்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை அப்போதுதான் பார்த்தோம். அதற்கு நேர் கீழே ஒரு தாய்ப்பன்றி, முதுகில் வரி போட்ட குட்டிகள் சூழ, கதிரைக் கடித்துக்கொண்டிருந்தது. மாமாவின் வசவுக்கு மதிப்புக் கொடுத்து நின்றது நாங்கள் மட்டும்தான்.

அடுத்த நிமிஷம் மோட்டார் ரூம் கூரைமேல் இருந்தோம். யார் யாரைத் தூக்கிவிட்டது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. சென்னைக்காரனின் ஒரு ஷூ மட்டும் சேற்றில் தனியாக நின்றது. தாய்ப்பன்றி அதை மோந்து பார்த்துவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கருவேலத்துக்குள் போய்விட்டது. "குட்டிங்க எவ்ளோ க்யூட்டுடா!" என்றான் அவன், கூரையில் குப்புறப் படுத்தபடி.

நிஜ மாமா டீத் தூக்கோடு வந்தார். சாய்ந்து கிடந்த தட்டைகளைப் பார்த்தார். கதிருக்கு ஒரு வாய் கடித்து, மிச்சத்தை மிதித்துப் போட்டிருந்தது. "காட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறை சுடலாம்னு 2025-ல சட்டசபையில சொன்னாங்கள்ல. இது எந்தக் காட்டுல இருந்தும் வரலையே, கண்மாய்லயே பெறந்து வளந்துச்சு. எங்கிட்டு இருந்துப்பா டேப்பு புடிக்கிறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, வெளியூரில் இப்படி மிருகங்களைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள் என்று சென்னைக்காரன் விளக்கினான். மாமா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்து பன்னி பாக்குறதுக்கு, அவங்களே காசு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மாமா."

"நான் காவலுக்கு ஆள் கெடைக்காம, கூலிய ஏத்திக் குடுக்குறேன்னு சொல்லியும் ஒருத்தனும் வரமாட்டேங்குறான்." கொஞ்சம் யோசித்தார். "ஒன் ஆபீஸ்ல எத்தன பேருப்பா?"

பொங்கலுக்குள் பரண் கட்டியாக வேண்டும். தலைக்கு ஐந்நூறு, டார்ச் லைட்டும் தகரமும் மாமா பொறுப்பு. சென்னைக்காரன் இட்லி சாப்பிடும்போதே அலுவலகக் குழுவில் போட்டுவிட்டான். எட்டுப் பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் பன்றி வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாளாம். மாமா, பன்றி வராவிட்டால் இன்னொரு ஐந்நூறு தானே தருவதாகச் சொல்லச் சொன்னார்.