ராணிக்குப் புளிக் குளியல்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1862ஆம் ஆண்டு விக்டோரியா கால் அணா கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். நல்ல விலை போகுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போயிருக்கும், புளி கைக்கு எட்டாமல் இருந்திருந்தால்! சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே நாள்பட ஏறிய அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான். தேய்த்த பளபளப்பை லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, ராணியைப் பாருங்கள். கிரீடம், தலைமுடி, உடை வேலைப்பாடு ஆகிய மேடுகள்தான் முதலில் தேயும். அங்கே கோடு கோடாகத் தெரிந்தால் தரம் உயர்வு. மகாராணி மொட்டையடித்தாற்போல் இருந்தால், வருடம் எத்தனை தெளிவாக இருந்தாலும் சுமார் ரகம். கெட்டியாகப் படிந்த பச்சைக்குப் பயப்பட வேண்டாம். மாவு மாதிரி உதிரும் வெளிர்பச்சைதான் வில்லன். குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கிற வேலை அது. அப்படி இருந்தால் ஈரம் அண்டாத இடத்தில் தனியாக வையுங்கள்.