பேட்டரி உட்காரும் நேரம்

ஆசிட் பட்ட சட்டை அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. துவைத்துக் கொடியில் போட்டு, காய்ந்து, அம்மா மடிக்க எடுக்கும்போதுதான் தோள்பட்டையில் சல்லடை தெரியும். 1979-இல் என்னிடம் இருந்த மூன்று சட்டைகளும் இடத்தோளில் மட்டும் காற்றோட்டமானவை. மைக் செட் மாமாவின் பேட்டரியை நான் இடத்தோளில்தான் தூக்குவேன்.

மாமா, அம்மாவின் தம்பி. செஞ்சி காந்தி பஜாரை ஒட்டிய சந்தில் பத்தடிக்குப் பத்தடிக் கடை. சொத்து விவரம்: ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் ஒன்று, குழாய் இரண்டு, பேட்டரியிலேயே சுற்றும் ரெக்கார்டு பிளேயர், ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இசைத்தட்டு. குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, புளியமரத்து உச்சியில் கட்டுகிற கூம்பு. கடைசியாக, 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. 20 கிலோவுக்குக் குறையாது. கடையில் மாமாவுக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். எனக்கு இல்லை.

சுற்றுப்பட்டு ஊர்களில் கரண்ட் இல்லாமல் இல்லை. தெருவில் கம்பம் இருந்தது, சில வீட்டில் பல்பும் எரிந்தது. ஆனால் திருவிழா நடப்பது தெருவிலா? ஏரிக்கரையில், வயல் நடுவே, பாறை மேல். மின்வாரியம் பிறந்தது 1957-இல். சாமிகள் அதற்கு வெகுகாலம் முன்பே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டவை. கம்பம் எங்கே வரும் என்று யோசித்து எந்த அம்மனும் உட்காரவில்லை.

பக்கத்து பம்ப்செட் லைனில் கொக்கி போடலாமே என்று ஊர்ப் பையன்கள் சொல்வார்கள். மாமா ஒத்துக்கொள்ளமாட்டார். "கம்பியைத் தொட்டா, அப்புறம் இதே குழாய்லதான்டா நமக்கு ஒப்பாரி போடுவாங்க" என்பார்.

ஆக, பேட்டரி. அதைச் சார்ஜ் போடுவது ஒரு நோயாளியைப் பார்ப்பது மாதிரி. முந்தின நாளே கொண்டுபோய்க் கடையில் விட வேண்டும், பத்து மணி நேரம் ஏற வேண்டும். அதற்குள் கரண்ட் போனால் அந்த நேரம் கணக்கில் சேராது. எடுத்து வந்ததும் ஆறு மூடியையும் திருகித் திறந்து, ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற முள்ளைப் பார்ப்பார். 1250-ஐத் தொட்டால் முகம் மலரும். 1200 என்றால், "ரெக்கார்டு கம்மி பண்ணிக்கலாம்" என்பார். அதாவது, அன்றைக்கு ஊருக்கு எத்தனை பாட்டு என்பதை அந்த ஆசிட்டின் அடர்த்தி தீர்மானித்தது.

கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு குறையும். 75-இல் பாதி 37. ராத்திரி பத்துக்குக் கூத்து ஆரம்பித்தால் விடியற்காலை ஐந்து வரை ஏழு மணி நேரம், சராசரி 4 ஆம்பியர் இழுக்கும், 28 போச்சு. மீதி ஒன்பதில்தான் சாயங்காலத்துப் பாட்டுகள். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார், எல்.ஆர். ஈஸ்வரி குரலில் மாரியம்மன், பிறகு சினிமா. ஒன்பது மணிக்கு மாமா ரெக்கார்டு முள்ளைத் தூக்கிவிடுவார். அதுவரை சுற்றி நின்று, சினிமாப் பாட்டு வரும் என்று காத்திருந்த பிள்ளைகள் அவரைத் திட்டிய திட்டு எல்லாம் என் காதில்தான் விழுந்தது.

ஒரே ஒரு பேட்டரியில் எப்படி ஒரு ஊருக்கே கேட்டது என்று இப்போது பலர் நம்புவதில்லை. அந்தக் கூம்பு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் கத்தும். அதே ஒரு வாட்டுக்கு இன்றைய பெட்டி ஸ்பீக்கர் 90-ஐத் தொட்டால் பெரிது. 15 டெசிபல்தானே என்று நினைக்கக் கூடாது, அதை ஈடுகட்ட முப்பது மடங்கு மின்சாரம் வேண்டும். கூம்புக்கு அடித்தொண்டை கிடையாது என்பது உண்மைதான். தவில் சத்தம் அதில் தகர டப்பாவாகத்தான் வரும். மனுஷன் பேச்சு மட்டும் மூன்று வயல் தாண்டித் தெளிவாகக் கேட்கும்.

இந்தப் பக்கத்துத் தெருக்கூத்துக்கு மைக் தேவையா என்று அப்போதே ஒரு வழக்கு உண்டு. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியில் இருப்பதுதான் திரௌபதி அம்மனின் ஆதிக்கோயில் என்பது எங்கள் பகுதி நம்பிக்கை. ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1988-இல் வந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று அதற்குத் துணைத்தலைப்பே வைத்தார். பஸ் ஏறாமல் இவ்வளவு தூரம் போன ஊர் வேறு இல்லை. அப்படிப்பட்ட பூமியில், முகவீணையோடு போட்டி போட்டு வெறும் தொண்டையில் விடிய விடியப் பாடியவர்கள் முன்னால் நாங்கள் ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அதற்கு முன் களம் முழுக்கச் சுழன்று ஆடிய துரியோதனன், அதற்குப் பின் கோபம் வந்தால் நேராக மைக்கடியில் வந்து நின்றுதான் கோபப்பட்டான். கட்டியங்காரன் ஒருத்தன்தான் அதைப் பிடித்துக்கொண்டான். "ராஜா, அந்தக் கயித்த விட்டு நகராதீங்க, நகந்தா உங்க ராஜ்ஜியம் கேக்காது" என்றான். கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

பேட்டரியால் வந்த பெரிய நன்மை, யாரும் அதிக நேரம் பேச முடியாது. திருவிழா மேடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தால், நன்றி சொல்லவே அரைமணி நேரம் எடுப்பார். மாமா மெல்ல வால்யூம் குமிழைத் திருகுவார். குரல் கம்மும். பிறகு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாக, "ஐயா, பேட்டரி உட்காருதுங்க" என்பார். அதற்கு மேல் மனுஷன் என்ன செய்வான்? ஆசிட் முள் அப்போது 1230-இல் நின்றுகொண்டிருக்கும். அவ்வளவு மரியாதையான பொய்யை நான் பிறகு கேட்டதில்லை. இப்போது எல்லாரும் சொல்கிற "டவர் இல்லை" அதன் கால் தூசுக்கு வராது.

அதே மாமாவையே பேட்டரி ஒருமுறை ஏமாற்றியது. 1980 ஒரு அதிசய வருஷம்: ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல், மே மாதம் சட்டமன்றத் தேர்தல். மைக் செட்காரர்களுக்கு இரண்டு தீபாவளி. மே மாத வெயிலில் ஒரு கட்சியின் அம்பாசிடர் காரில் குழாய் கட்டினோம். நம் பேட்டரி வேறு இடத்துக்கு வாடகைக்குப் போயிருந்ததால், காரின் பேட்டரியிலேயே கிளிப் மாட்டினார் மாமா. பெட்ரோல் மிச்சம் பிடிக்க டிரைவர் ஒவ்வொரு ஊரிலும் எஞ்சினை அணைத்தார். வேட்பாளர் ஒவ்வொரு ஊரிலும் அணையாமல் பேசினார். ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசி ஊரில் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளினோம். ஆள் போதவில்லை. எதிரே டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் வந்து தள்ளினார்கள். அந்தத் தேர்தலில் நான் கண்ட ஒரே கூட்டணி அது.

ராஜகிரிக் கோட்டை மலை மேல் கமலக்கண்ணியம்மன் திருவிழாவுக்கு ஏறியதைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை வெயில், கல் படிகள், தோளில் 20 கிலோ. குனிந்தால் மூடியில் உள்ள துளை வழியாக ஆசிட் கசியும், அதனால் நிமிர்ந்தே ஏற வேண்டும். அவுரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல்தான் உள்ளே வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பாதிப் படியில் பேட்டரியை இறக்கி வைத்தபோது காரணம் புரிந்தது. மாமா கேட்டார், "இன்னாடா, தேசிங்கு ராஜா மாதிரி பாக்கற?" ராஜா தேசிங்கு குதிரையில் போனவர், மாமா.

இப்போது வருவோம்.

கூம்பு வழக்கொழிந்துவிட்டது. ஸ்டேஷனில் அனுமதி கேட்டால் முதல் நிபந்தனையே கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்பதுதான். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. எழுத்துக்கு எழுத்து படித்தால், எங்கள் துரியோதனன் பத்து மணிக்கு மேல் மைக்கில் கோபப்படுவது குற்றம். விதி நல்லதற்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு பேட்டரிக்கு அடங்கிய குழாய் போய், ஆளுயரப் பெட்டிகள் வந்தன. அவற்றுக்குத் தீனி போட எந்தப் பேட்டரியாலும் முடியாது, டீசல் ஜெனரேட்டர் வந்தது. ஜெனரேட்டர் கத்தியது. அது கேட்காமல் இருக்கப் பெட்டியைக் கூட்டினார்கள். சத்தத்தைக் குறைக்கப் புறப்பட்ட பயணம் இப்படித்தான் சாமி வாசலில் வந்து நின்றது. கரண்ட் கம்பம் வராத இடம் குறைந்த பிறகும், போன இடமெல்லாம் மின்வெட்டு இருந்த 2012 வாக்கில் ஜெனரேட்டர்காரர்தான் ஊரின் ராஜா. மாமா அதற்கு முன்பே கடையை மூடிவிட்டார். குழாயில் ஒன்று எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கோழிக்குஞ்சைக் கவிழ்த்து வைக்கப் பயன்பட்டது. பேட்டரி ஈயத்தின் எடைக்குப் போயிற்று.

2025 ஜூலையில், மராத்தியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். 1677-இல் சிவாஜி பிடித்த புண்ணியம். அந்த மாதமே ராஜகிரி படியேறினேன், பாதிவரை. என்னைத் தாண்டி ஏறிய பையன்கள் ஐந்து பேர். ஐந்து பேர் கையிலும் சொம்பு அளவில் ஐந்து ப்ளூடூத் ஸ்பீக்கர், ஐந்து பாட்டு. நான் தோளில் தூக்கி ஏற்றிய சத்தத்தை இவர்கள் விரலில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் ஒரு பாட்டி நினைவுக்கு வந்தாள். புளியமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "மரத்துல இருந்த காக்காவ எல்லாம் தொரத்திட்டு எந்தக் காக்காவடா கொண்டாந்து கட்டுறீங்க" என்று கேட்டவள். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஏரிக்கரையில் குலதெய்வத்துக்குப் படையல். கம்பம் அரை கிலோமீட்டர் தள்ளி. பேரன் சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கரை உருட்டி வந்தான். மேலே 5000 வாட் பிஎம்பிஓ என்று தங்க எழுத்து. ராத்திரி ஒன்பதரைக்கு அதற்குள்ளிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் 'பேட்டரி லோ' என்றாள். என்ன பேட்டரி என்று பின்பக்கத் திருகைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஆள்தான்! அதே ஈயம், அதே ஆசிட், சிந்தாமல் இறுக மூடி, 12 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணிக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தார். மேலே எழுதிய 5000 வாட் நிஜமாக இருந்தால் அவர் நாற்பது விநாடிகூடத் தாங்கமாட்டார்.

"தாத்தா, சார்ஜருக்கு ஊருக்குப் போகணும்" என்றான் பேரன்.

"எதுக்கு? நம்ம ஜனத்த ஏத்திட்டு வந்த டிராக்டர் நிக்குதே."

சிவப்பு ஒயர் பிளஸ், கருப்பு மைனஸ். இரண்டு கிளிப்பையும் டிராக்டர் பேட்டரியில் மாட்டினேன். பாட்டு எழுந்தது. பேரன்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக எத்தனை சட்டையிலும் ஓட்டை விழலாம். வெற்றிக் களிப்பில் பையன்கள் அதே பேட்டரியில் எல்இடி பல்பு நாலு, செல்போன் ஆறு என்று மாட்டிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. கணக்குப் போடவும் மறந்துவிட்டேன்.

விடியற்காலை டிராக்டர்காரர் சாவியைத் திருகினார். 'டக்'.

தள்ள ஆள் கூப்பிட்டார்கள். நான் இடத்தோளைக் கொடுத்தேன்.