பேராசிரியரும் ஒரு பிணமும்

கொலைக் கதை எழுத ஓர் ஊர் வேண்டுமென்றால் அமெரிக்காவின் அயோவா சிட்டியைச் சொல்வேன். கொலைகாரனைத் தேடி அலைய வேண்டாம்; வேலை நிரந்தரமாகிவிட்ட மூத்த பேராசிரியர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கோட்டு, கையில் ஆறிப்போன காபி. மூக்கு உறையும் ஜனவரியில்கூட "கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இந்த மத்திய மேற்கு அமெரிக்கர்களுக்கு எதையும் பெரிதுபடுத்தினால் பிடிக்காது. துறைத்தலைவர் முதுகில் கத்தியோடு குப்புறக் கிடந்தாலும், "இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்பார். போலீசுக்குப் போன் போகுமுன் கமிட்டி கூடும். போன கூட்டத்தின் மினிட்ஸை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பிணத்தைப் பற்றிப் பேச்சே. ஓட்டெடுப்புக்கு வரும்போது கோரம் இருக்காது. சனிக்கிழமை, ஃபுட்பால் மேட்ச். ஊர் ஜனத்தொகை சுமார் 75,000. கின்னிக் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 69,000 பேர் உட்காரலாம். யாரைக் கேட்டாலும் "நான் மேட்சுல இருந்தேன்" என்றால் துப்பறிய வந்தவர் என்ன செய்வார், பாவம்!

வாக்குமூலம் வாங்குவதும் லேசில்லை. 1936 முதல் எழுத்துப் பட்டறை நடக்கும் ஊர். 2008-இல் யுனெஸ்கோ வேறு இலக்கிய நகரமென்று பட்டம் கொடுத்துவிட்டது. சாட்சிகள் தங்கள் வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கி, "ஆரம்பம் தொய்வா இருக்கு" என்று அடித்துத் திருத்துவார்கள். அங்கே போய்த் தங்கியிருந்த எழுத்தாளர் அசோகமித்திரன் தம் நாவலுக்கு 'ஒற்றன்' என்று பெயர் வைத்ததைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எதற்காகக் கொன்றார்? கேட்டால் கோட்பாட்டு முரண்பாடு என்பார். காரணம் பார்க்கிங் இடம்தான் என்பது என் கட்சி. செத்தவர் வீட்டுக்கு முதல் ஆளாகக் கேசரோல் தூக்கிக்கொண்டு போனவரும் அவரே: நூடுல்ஸ், டின் காளான் சூப், மேலே தாராளமாகச் சீஸ். அழுதுகொண்டிருந்த அம்மாளிடம், "பாத்திரத்தை மெதுவா குடுத்தாப் போதும்" என்று வேறு சொல்லியிருப்பார்.

கடைசியில் மாட்டிக்கொள்வது கைரேகையால் அல்ல. கொலையை மறுத்து அவர் எழுதிய எட்டுப் பக்கக் கடிதத்தில், கத்தியைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பில், தம்மையே மேற்கோள் காட்டியிருப்பார். கைதானாலும் வேலை உடனே போய்விடாது. அதற்கு முறைப்படி விசாரணைக் கமிட்டி உண்டு. அது கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்குள் அவருடைய பார்க்கிங் இடத்துக்கு மூன்று மனு வந்திருக்கும்.