மருமவன் வண்டி பாடுது

வாய்யா மருமவனே, உக்காரு. நீ தெருமுக்குல திரும்பும்போதே தெரிஞ்சு போச்சு. உனக்கு முந்தி உன் குவாலிஸ் சத்தம் வந்து சேந்துட்டு. யாரு வீட்டுலடா மாவாட்டுதாகன்னு உன் அத்தை திண்ணைக்கு வந்து எட்டிப் பாத்தா. நீ என்னன்னா பாட்டைக் கூட்டி வச்சுக்கிட்டு வாரே. பல்லு வலிச்சா காதுல பஞ்சு வைக்கிற வைத்தியம்லா இது!

டயர் சத்தமா? போன மாசம்தானே ரெண்டு டயரு புதுசாப் போட்டே. பணம் போச்சு, சத்தம் போகலையே. கண்மாய்க்கரை வளைவுல வரும்போது கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வலப்பக்கம் ஒடிக்கும்போது சத்தம் ஏறுது, இடப்பக்கம் ஒடிச்சா அடங்குது. வலப்பக்கம் திரும்புனா பாரம் பூரா இடது சக்கரத்து மேல சாயும். அப்போ பின்னால அழுவுறது எது? இடது பின் பேரிங். இதுக்கு ஜோசியனா வேணும்?

எந்திரிச்சுப் போயி அந்தச் சக்கரத்து உள்பக்கத்தைப் பாரு. சளி புடிச்ச கன்னுக்குட்டி மூக்கு மாதிரி ஒழுகியிருக்கா? விரல்ல தொட்டு மோந்து பாரு. தண்ணி கணக்கா இருந்தா பிரேக் ஆயில். கெட்டியா, அழுகுன முட்டை வாடை அடிச்சா கிரவுன் ஆயில், தொண்ணூறாம் நம்பரு. முட்டை வாடைதானா? நெனச்சேன். பிரேக் புடிச்சா வண்டி வலப்பக்கம் இழுக்குன்னு பொங்கலுக்கே சொன்னியே, ரோட்டுச் சரிவுன்னு வேற வியாக்கியானம் பண்ணுனே. இடது லைனர் எண்ணெய் குடிச்சு வழுக்கிக்கிட்டு கெடக்கு மருமவனே. அதைப் பெட்ரோல்ல கழுவிக் காயப்போடலாம்னு நெனைக்காத, அது கண்டாங்கிச் சேலை இல்ல. ரெண்டு பக்கமும் புதுசு போடு.

நாங்க மாட்டுவண்டி ஓட்டும்போது அச்சு சும்மா கெடக்கும், சக்கரம் மட்டும் சுத்தும். வைக்கோக் கரியை வெளக்கெண்ணெயில கொழைச்சு மை போட்டு, கடையாணியை ஒரு தட்டு தட்டுனா சோலி முடிஞ்சுது. உன் வண்டியில அச்சே சுத்துது, பாரத்தையும் அதுவே சொமக்குது. கடையாணி சோலியை ஒரு இரும்பு வளையம் பாக்குது, காலர்ம்பாங்க. அது நழுவுச்சுன்னா சக்கரமும் டிரம்மும் ஆக்ஸிலோட சேந்து வெளிய கெளம்பிரும். லாரின்னா ஆக்ஸிலை உருவித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாலும் சக்கரம் அதும்பாட்டுக்கு நிக்கும். உன்னுது லாரி இல்லைய்யா. நீ ஆளேத்துற லட்சணத்தைப் பாத்தா அது உனக்கு மறந்து போச்சு போல.

சரி, நீயே கழட்டுவே. கைராசிக்காரன்! டிரம்மை எடு, பின்னால நாலு நட்டைக் கழட்டு, ஆக்ஸிலை இழு. அதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுறாது. அதுக்கு மேலதான் உன் சாமர்த்தியத்தை நெனச்சுப் பயப்படுதேன். பழைய காலரை கிரைண்டர்ல முக்காவாசி அறுத்து, மீதியை உளி வச்சுப் பொளக்கணும். ஆக்ஸில்ல ஒரு கீறல் விழப்படாது. புது பேரிங்கை ஏத்தும்போது உள்வளையத்துல மட்டும்தான் அழுத்தணும். வெளிவளையத்துல சுத்தியால ரெண்டு போடு போட்டேன்னு வையி, உள்ள குண்டு உக்காந்த எடமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்துரும். பொறவு புது பேரிங்கும் பழைய பாட்டைத்தான் பாடும். அதனால லேத்துப் பட்டறையில பிரஸ்ஸுல குடுத்து ஏத்து.

எண்ணெய் வெளிய வராம மறிக்கிற சீலுக்கும் ஒரு மொகம் உண்டு. ஸ்பிரிங் தெரியிற பக்கம் உள்ள, எண்ணெயைப் பாத்து இருக்கணும். நீ கல்யாண போட்டோவுல பொண்ணு பக்கம் பாக்காம வேற எங்கியோ பாத்துக்கிட்டு நின்னியே, அப்படி வச்சிராதே. ஓரத்துல கொஞ்சம் கிரீஸ் தடவு. ஆக்ஸிலைச் சொருகும்போது கையால தாங்கிக்கிட்டே கொண்டுபோ, அந்தக் கனத்தைச் சீல் மேல சாய்க்காத. முன்னாடியே சீல் உக்காருற எடத்தை நகத்தால தடவிப் பாத்துக்கோ. நகம் தட்டுற மாதிரி பள்ளம் விழுந்திருந்தா எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

இன்னொண்ணு. சீல் மேல மட்டும் பழி போடாத. பின்னால ஆக்ஸில் கூட்டு மேல தம்மாத்துண்டு மூச்சுக்குழாய் இருக்கு, பிரீத்தர். ஓடி ஓடி உள்ள சூடேறுனா காத்து அது வழியாத்தான் வெளியேறணும். நீ வண்டியை எங்க விடுதே? கண்மாய்ச் சேத்துல. சேறு அடைச்சுப் போனா உள்ள காத்து முட்டி, எண்ணெயைச் சீல் வழியாத் தள்ளிரும். கெழவனை மூக்கைப் பொத்திப் போட்டா வேற எங்கிட்டாவது காத்து போகத்தானே செய்யும்! சிரிக்காத, ஒரு கம்பியை வச்சுக் குத்தி ஊதிப் பாரு. ஆயிலும் அந்த பிளக் ஓட்டை விளிம்பு மட்டுக்குத்தான் ஊத்தணும். விருந்தாளிக்கு மோரு ஊத்துற மாதிரி ததும்பத் ததும்ப ஊத்தாத.

வலது பக்கத்தை நீ மாத்துன கதை ஊருக்கே தெரியும். பேரிங், காலர் ரெண்டையும் ஜம்முனு பிரஸ் போட்டுக் கொண்டாந்து மாட்டப் போனா, முன்னால போட வேண்டிய பிளேட்டு கோழிக்கூண்டு மேல கெடக்கு! பேரிங்குக்கு முந்தி அதுல்லா ஏறணும். திரும்ப அறுத்துப் பொளந்து, புது பேரிங், புது காலர், ரெண்டாந்தடவை பஸ் சார்ஜு. லேத்துக்காரன் இன்னும் உன்னைப் பாத்தா 'பிளேட்டு மாப்பிள்ளை'ன்னுதான் கூப்புடுதான்.

இந்தத் தடவை அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டே போ. நடுவுல பெரிய ஓட்டை இருக்கு, கயிறு கோக்க வசதி. பாக்குறவன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

அந்தச் சுத்தியை எங்க எடுத்துக்கிட்டுப் போறே? இங்க வச்சிட்டுப் போ.