ரெண்டு இஞ்சுக்கு ஒரு இஞ்சு

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, முந்திரிக்காட்டுப் பாதையில், அதே கட்டையில், ஜீப்பின் அதே இடம், அதே சத்தத்தோடு இடித்தது. ‘ணங்’. மூன்று மாத ஆராய்ச்சி, 11,600 ரூபாய், வீட்டில் எனக்கு மிச்சமிருந்த மரியாதை, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் கட்டை கொடுத்த ரசீது அது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையைக் கடிக்காமல் ஜீப்பைத் தூக்க எந்த கிட் வாங்கலாம் என்பதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

ஜீப் பழைய மகிந்திரா 540. முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். “ஒரே கை ஓட்டின வண்டி சார்” என்று சொல்லித்தான் தரகர் தள்ளிவிட்டார். ஸ்டியரிங் ஆடுவதைப் பார்த்தால் அந்த ஒரு கையும் பாதி நேரம் வேறு வேலையாக இருந்திருக்கிறது.

உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து முந்திரிக்காடு நாலு கிலோமீட்டர். அதில் மூன்று தார் ரோடு. மிச்சம் ஒரு கிலோமீட்டர் செம்மண் தடம். அந்த ஒரு கிலோமீட்டரைத்தான் நான் ‘ஆஃப்ரோடு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். காட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதே ஆஃப்ரோட்டில் தினமும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போய்வருகிறார். முன்னால் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை, பின்னால் சம்சாரம், சம்சாரத்தின் மடியில் பேரன். அவர் ஒருநாளும் கட்டையில் இடித்ததில்லை. சுற்றிப் போகிறார். அது எனக்குத் தோன்றவில்லை என்று நினைக்காதீர்கள். தோன்றியது. சுற்றிப் போவதென்றால் அப்புறம் ஃபோர் வீல் எதற்கு?

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் பெயருள்ள சரக்கு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. கம்பெனி ‘ஓல்டு மேன் ஈமு’ என்ற பெயரில் ஸ்பிரிங் செட் விற்கிறது. உலகமெங்கும் பாலைவனத்தில் ஓட்டுகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடும் சரக்கு. ஆனால் ஈமுவை நம்பிப் பணம் போடுவது என்றாலே, 2012-இல் பெருந்துறைப் பக்கம் நடந்த ஈமு பண்ணை மோசடியைப் படித்த எந்தத் தமிழனுக்கும் கை நடுங்கும். விலையை விசாரித்தபோது கை மட்டும் நடுங்கவில்லை.

அடுத்தது, ஏற்கெனவே தூக்கின வண்டிகள். பெரம்பலூர்ப் பக்கம் காரையில், செம்மண் மேடும் ஓடையுமாக அரித்துக் கிடக்கிற பொட்டலுக்கு, வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகிந்திராவின் ‘தார்’ வண்டிகளில் பையன்கள் வருவார்கள். 2020-இல் வந்த தார், தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தோடுதான் கம்பெனியிலிருந்தே வருகிறது. அது போதாதென்று மேலே தூக்கி, பெரிய டயர் மாட்டி, போதாக்குறைக்குத் தண்ணீரில் முங்கினாலும் இன்ஜின் மூச்சு விடுவதற்கு ஒரு ஸ்நார்க்கல் குழாய் வேறு. காரையில் கடல் இருந்தது உண்மைதான். ஆனால் அது சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால். நத்தை, சிப்பி எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன. குழாய் மாட்டுகிறவர்கள் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம். இப்போது வந்து அந்த நத்தைக் கல் மேலேயே டயரை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருவது சிரிப்பு இல்லை.

பட்டை ஸ்பிரிங் வண்டியைச் சல்லிசாகத் தூக்க மூன்று வழி. பட்டைக்கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகலாம். பட்டையின் ஒரு முனை தொங்குகிற ஷேக்கிளை நீளமாக்கலாம். அல்லது ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைத்துக் கட்டலாம். மூன்றாவதில் வண்டி ஒட்டகம் மாதிரி எழுந்துவிடும், அதோடு பிரேக் ஓஸ் முதல் ஸ்டியரிங் ராடு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதை விட்டுவிட்டேன். புத்தி இருந்ததால் இல்லை, பணம் இல்லாததால்.

ஷேக்கிள் செட் ஒன்று பார்சலில் வந்தது. பெட்டியில் நாலு ஜோடித் தகடு, போல்ட்டுகள், ‘2 இஞ்ச் லிஃப்ட்’ என்று ஒரு ஸ்டிக்கர். கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. விற்றவருக்கு போன் போட்டேன். அவர் சொன்னார்: “அதே கம்பெனிதான் சார். பேர் மட்டும் போடல.”

இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் எத்தனை தடவை நம்பியிருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். இட்லி குக்கர். மிக்சி ஜார். செல்போன் சார்ஜர், அதுவே ஆறு. குடை. டேபிள் ஃபேன். சுகர் பார்க்கிற மிஷின், அதில் எனக்கும் 98, எதிர்வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கும் 98. எல்லாம் அதே கம்பெனி, எதிலும் பேர் இல்லை. எங்கோ ஒரு பெரிய ஃபேக்டரி இருக்க வேண்டும். அதன் கடைசியில் பேர் அடிக்கிறதற்கென்று ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் டீ குடிக்க எழுந்து போகிற பத்து நிமிஷத்தில் முப்பது உருப்படி பேர் இல்லாமலே வெளியே போய்விடுகிறது. அந்த முப்பதும் நேராக என் வீட்டுக்கு வருகிறது. அந்த மனிதர் இருபது வருஷமாகக் குடித்த டீயில்தான் என் குடும்பம் நடக்கிறது. அவர் ஒருநாள் வயிறு சரியில்லை என்று லீவு போட்டிருக்கிறார், அன்றைக்குத்தான் நாங்கள் சோபா வாங்கினோம். அவருக்குத் திருமணமாகி ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தபோது வந்தது எங்கள் வீட்டு இன்வெர்ட்டர். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பேர் ஒழுங்காக அடிக்கிற பையன் யாராவது அந்த இடத்துக்கு வந்துவிட்டால், நான் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னபோது என் மனைவி, “எங்கப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் உத்தியோகம் மாதிரியேதான், பென்ஷன் மட்டும் கிடையாதுன்னு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் பட்டுத்தறி ஓடுகிறது. தறிக்காரர் வீட்டுக்கே போய்ச் சேலை எடுத்தால் அந்த ‘பேர் மட்டும் போடல’ வாக்கியம் சத்தியம். சேலை அதேதான், கடைப் பேர் மட்டும் இல்லை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மற்ற இருபத்தொன்பது பொய்யையும் நம்பியதுதான் நான் செய்த தப்பு. அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. எங்கள் கோயில் சாமிக்குப் பெயர் பயறணீஸ்வரர். மிளகு மூட்டை கொண்டுபோன வணிகர் ஒருவர், சுங்கத்துக்குப் பயந்து, “இதெல்லாம் வெறும் பயறு” என்று சொல்ல, அத்தனை மிளகும் பயறாகவே ஆகிவிட்டதாம். அழுது வேண்டிக்கொண்ட பிறகுதான் திரும்ப மிளகானது என்று கதை. சல்லிசாக முடிக்கப் பார்க்கிறவனுக்கு என்ன நடக்கும் என்று கோயில் கட்டியே வைத்திருக்கிறார்கள். நான் தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறேன்.

எங்கே விட்டேன்? ஷேக்கிள். மாட்டியாயிற்று. அளந்தால், ஏறியிருப்பது ஒரு இஞ்சு. “ரெண்டுன்னு போட்டிருக்கே?” என்றேன். மெக்கானிக் ஒரு குச்சியை எடுத்து ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தூக்கிக் காட்டினார். பட்டையின் ஒரு முனை சேசிஸில் நிலையாக நிற்கிறது. மறுமுனை மட்டும்தான் ஷேக்கிளில் தொங்குகிறது. அந்த முனையை ரெண்டு இஞ்சு நீட்டினால் நடுவில் இருக்கும் ஆக்சிலுக்கு ஒன்றுதான் வந்து சேரும். “ஷேக்கிள் ரெண்டு இஞ்சு நீளந்தான் சார், அதுல பொய் இல்ல” என்றார். உலகத்தில் எனக்கு விற்கப்பட்டதெல்லாம் அளவில் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மிச்ச ஒரு இஞ்சுக்குக் கூடுதல் பட்டை. அரியலூர் மாவட்டத்தில் தோண்டினால் சுண்ணாம்புக்கல், ரோட்டோரம் பொறுக்கினால் லாரிப் பட்டை. அந்தக் காலத்துக் கடல் விட்டுப்போன சிப்பியும் சேறும்தான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமென்ட் ஆலை. ஆலைக்குக் கல் ஏற்றுகிற லாரிதான் பட்டையை உடைத்துக்கொண்டு நிற்கிறது. உடைந்த பட்டையை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பின்பக்கம் ஒன்று ஒன்றாகச் சொருகினோம். என் ஜீப்பின் பின்புறம் உயர்ந்ததற்கு மூலகாரணம் என்று பார்த்தால் பல கோடி வருஷத்துக்கு முன் செத்த ஒரு நத்தை.

ஆனால் கல் லாரியைத் தாங்கின பட்டைக்கு என் ஜீப்பும் நானும் ஒரு பொருட்டா? அது வளையவே இல்லை. வில்வண்டி என்று பெரியவர்கள் சொல்வார்களே, ஜமீன் வீட்டு ஆட்கள் அலுங்காமல் போய்வர அடியில் வில் வைத்த மாட்டுவண்டி. நான் வில்வண்டியை வாங்கி, கூலி கொடுத்து அதைக் கட்டைவண்டியாக மாற்றியிருந்தேன். பட்டையைக் கழற்றினோம். உயரம் போயிற்று. திரும்பச் சொருகினோம். முதுகு போயிற்று. பெரம்பலூரிலிருந்து எங்கள் மாவட்டத்தை 2001-இல் பிரித்தார்கள், 2002-இல் சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. நாங்கள் ஆறே நாளில் முடித்தோம்.

முன்பக்கம் வேறு கதை. ஷேக்கிள் நீண்டதும் முன் ஆக்சில் லேசாகக் குனிந்துவிட்டது. கேஸ்டர் கோணம் மாறி, ஸ்டியரிங் அதன் இஷ்டத்துக்கு அலைய ஆரம்பித்தது. அதற்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவாகச் செதுக்கின இரும்புத் துண்டு வைக்க வேண்டும். மெக்கானிக் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொன்னார்: “ஆப்பு வெச்சா எல்லாம் சரியாயிடும் சார்.”

வைத்தார்.

அப்புறம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அடியிலிருந்து ஒரு ரீங்காரம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் படுக்கவேண்டிய கோணத்தில் படுக்கவில்லையாம், அதன் மூட்டில் இருக்கும் யு.ஜே. கிராஸ் அதிருகிறதாம். கனம் கிருஷ்ணையர் ஜமீன் வித்துவானாக இருந்து பாடிய ஊர் இது. சுருதி சேராத சத்தத்தை இங்கே யாரும் பொறுக்க மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். ஹெட்லைட் வேறு வானத்தைப் பார்க்கிறது. அம்மாவுக்கு 76 வயது. கோயிலுக்குக் கூட்டிப்போக வண்டியை வாசலில் நிறுத்தினேன். ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, “தம்பி, நான் டவுன் பஸ்லயே போய்க்கிறேன்” என்றாள். இப்போது ஜீப்பில் நிரந்தரமாக ஒரு முக்காலி போகிறது. அதுவும் அதே கம்பெனிதான்.

எல்லாம் முடிந்த பிறகு சட்டம் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மச்சான் இருப்பார். எங்கள் வீட்டு மச்சான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவாம். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். “கிளைம் வந்தா சிக்கல் மாமா” என்றார். மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறார்.

இவ்வளவும் ஆன பிறகுதான் வியாழக்கிழமை ‘ணங்’.

வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்தேன். இடித்திருப்பது பின் ஆக்சிலில் தொங்குகிற டிஃபரன்ஷியல் உருண்டை. டேப்பை வைத்து அளந்தேன். தரையிலிருந்து அதன் உயரம், மூன்று மாதத்துக்கு முன்னால் நோட்டில் குறித்து வைத்திருந்த அதே அளவு. ஒரு நூல்கூட ஏறவில்லை. எப்படி ஏறும்? அது ஆக்சிலோடு கிடக்கிறது. ஆக்சில் சக்கரத்தின் மேல் கிடக்கிறது. பட்டை, ஷேக்கிள், ஆப்பு எல்லாம் ஆக்சிலுக்கு மேலே இருக்கிற சமாசாரம். அவை தூக்கியது சேசிஸை, பாடியை, என்னை, முக்காலியை. உருண்டை உயர வேண்டுமென்றால் பெரிய டயர் போட வேண்டும். அதிலும் டயரின் விட்டம் ரெண்டு இஞ்சு கூடினால் உருண்டைக்குக் கிடைப்பது ஒன்று. இந்த ஒன்றுக்குப் பாதிக் கணக்கு என் ஜாதகத்திலேயே இருக்கிறது போல.

மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: “வண்டியத் தூக்கணும்னுதானே சார் சொன்னீங்க? இடிக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே.”

சனிக்கிழமை பெரியவர் வந்தார். எக்ஸ்.எல்.லை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஜீப்பையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தக் கட்டையப் பேத்து எடுத்துட்டாத்தான் என்னங்க? ஆள் கூலி ஐநூறு ரூபா ஆகும்” என்றார்.

நான் யோசித்துவிட்டு, “நானூறுக்கு முடியாதா?” என்றேன்.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில், பழைய 540-க்கு ஆகிற மாதிரி நீள ஷேக்கிள் செட் ஒன்று, போல்ட்டுகளோடு, இரண்டு இரும்பு ஆப்புகளும் சேர்த்து, கைவசம் இருக்கிறது. இரண்டு மாதம்தான் ஓடியது. வேண்டுமென்கிறவர்கள் உடையார்பாளையம் வந்தால் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். நல்ல சரக்குதான். அதே கம்பெனி, பேர் மட்டும் போடவில்லை.